நாற்பத்திரண்டு குருவிகள்

அத்தியாயம் 11

அண்ணனுக்கு வந்த வேலைக் கடிதத்துக்கு இன்று மாலை ஐந்து மணியோடு ஆயுள் முடிகிறது.

பத்து நாளாக அது அவன் மேஜையில்தான் கிடக்கிறது. பெரிய நிறுவனங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. நான்கு மணி நேர ரயில் தூரத்தில் அலுவலகம். ஐம்பத்துநான்கு வயதுக்காரனைத் தேடி வந்து, நீங்கள்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். 'சம்மதம்' என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு வரிதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

காரணத்தைப் போன வாரமே அண்ணியிடம் சொல்லிவிட்டான். "நான் போயிட்டா அந்த நாற்பத்திரண்டு பேரை யார் பாத்துப்பா?"

அந்த நாற்பத்திரண்டு பேர் யாரென்று அண்ணிக்குத் தெரியாது. பொடிசுக்குத் தெரியும். அதனால்தான் பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பொடிசு என்றால் அண்ணனின் தங்கை. நாற்பத்தெட்டு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்குத் தலைமை. அங்கே எல்லோருக்கும் 'மேடம்', வீட்டில் மட்டும் இன்றைக்கும் பொடிசு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, அவள் பிரிண்டர் பக்கத்தில் நின்று ஓர் அறிக்கையின் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணி.

"பொடிசு, இன்னிக்குத்தான் கடைசி நாள். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"காலையில எழுந்து பல்லுகூட விளக்கல. நேரா கம்ப்யூட்டரைத் தட்டி எண்ணைப் பாத்தார். 'நாற்பத்திரண்டு'ன்னு ஒரு சிரிப்பு. குழந்தைக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி."

பொடிசு பக்கங்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள்.

"நான் வாயைத் திறந்தாலே எரிஞ்சு விழறார். நீ சொன்னா கேப்பார். நீயும் சேர்ந்து செஞ்சதுதானே அந்தக் குருவி?"

"சாயங்காலம் வரேன் அண்ணி."

"சாயங்காலம்னா அஞ்சு மணி தாண்டிடும்டி!"

"மூணு மணிக்கு அங்கே இருப்பேன். சத்தியமா."

போனை வைத்துவிட்டு அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். 'மேஜைக் கணினிகளுக்கும் சர்வர்களுக்கும் ஏற்ற லினக்ஸ் வகைகள்: ஓர் ஒப்பீடு.' எழுதியது அவள்தான்.

கணினியை ஓட வைக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் ஒன்றுதான். அதை எடுத்து, தங்களுக்குப் பிடித்த மாதிரி கதவும் ஜன்னலும் வைத்து, ஒரு பேரும் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்குக் கொடுக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. டிஸ்ட்ரோ என்பார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அண்ணனும் அவளும் மாடியறையில் உட்கார்ந்து செய்ததுதான் குருவி. அவளுக்குக் கல்யாணமாகி, வேலை கிடைத்து, ஒதுங்கிவிட்டாள். அண்ணன் ஒதுங்கவில்லை. நாலு பேர் வீட்டுக் கணினியைப் பழுது பார்த்து வருகிற வரும்படியில், வாரா வாரம் செவ்வாய்க்கிழமை குருவிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டுக்கொண்டே இருந்தான். எத்தனை கணினிகள் திருத்தம் கேட்டு வந்து போயின என்று தினமும் காலை எண் வரும். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்த எண், தேய்ந்து தேய்ந்து, பிறகு கொஞ்சம் ஏறி, நாற்பத்திரண்டில் நின்றது.

அதில் நாற்பத்தொன்று பொடிசின் ஆஸ்பத்திரியில் இருந்தன. மிச்சம் ஒன்று அண்ணனுடைய சொந்தக் கணினியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

ஏழு வருடங்களுக்கு முன்னால், எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய ஒரு வாரம், அண்ணன் மூன்று நாள் யாரிடமும் பேசாமல் படுத்துக் கிடந்தான். அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த கணினிகளில் ஒவ்வொன்றாகக் குருவியைப் போட்டாள். அவனிடம் சொல்லவில்லை. எண் ஏறியதும் அவன் எழுந்து குளித்துச் சாப்பிட்டான் என்று அண்ணி சொன்னாள். அதற்கப்புறம் சொல்வதற்கு வாய் வரவில்லை.

*

பதினோரு மணிக் கூட்டத்தில் நான்கே பேர். ஆஸ்பத்திரியின் இயக்குநர்; அறுவை சிகிச்சை டாக்டரான அவருக்கு ஒரு கண் எப்போதும் கடிகாரத்தில் இருக்கும். நிர்வாக அதிகாரி, தலைமை நர்ஸ், பொடிசு.

அறிக்கையை இயக்குநர் கையால் எடை பார்த்தார். "மேடம், ஒரே கேள்வி. இதுல எதை நிறைய பேர் வெச்சிருக்காங்க? அதையே போட்டுடுவோம்."

"நிறைய பேர்னா யாரு டாக்டர்? வீட்டுல வெச்சிருக்கறவங்களா, கம்பெனியில வெச்சிருக்கறவங்களா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"மாமியார் வீடும் அம்மா வீடும் மாதிரி."

தலைமை நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். பொடிசுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எதையும் யாரும் சரியா எண்ண முடியாது. இலவசமா எடுத்துக்கறதுதானே? ஒருத்தர் எடுத்து நூறு பேருக்குக் கொடுக்கலாம், எடுத்தவரே போடாம விட்டுடலாம். இணையத்துல ஒரு தரவரிசை இருக்கு. அது எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தாங்கங்கறதுதான். கடை வாசல்ல எட்டிப் பாத்தவங்களை எண்ணற மாதிரி."

"சரி, எட்டிப் பாத்தவங்களையே சொல்லுங்க."

"வீட்டு மேஜைன்னா உபுண்டு, மின்ட் இதையெல்லாம்தான் அதிகம் சொல்றாங்க. பழகின மாதிரி இருக்கும், பயம் இருக்காது. புதுசு வந்த உடனே வேணும்கறவங்க ஃபெடோரா. எல்லாத்தையும் நானே கோத்துப்பேன்கறவங்க ஆர்ச். அவங்க அதை நாலு பேர்கிட்ட சொல்லாம இருக்க மாட்டாங்க."

"சர்வருக்கு?"

"அங்கே பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கறதில்லை. பத்து வருஷம் மாறாம இருக்குமா, போன் பண்ணா யாராவது எடுப்பாங்களா, அவ்வளவுதான் கேள்வி. அதனால ரெட் ஹாட், சூசே. உபுண்டு ரெண்டு பக்கமும் கால் வெச்சிருக்கு. டெபியனுக்குப் பின்னால கம்பெனியே கிடையாது. ஆனா உபுண்டுவும் மின்ட்டும் அது தோள் மேலதான் நிக்குது."

புதிதாக வரப்போகும் ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் மென்பொருளுக்கு ரெட் ஹாட்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதனால் சர்வர்களுக்கு அது, மேஜைகளுக்கு மின்ட் என்று அவள் பரிந்துரை. இயக்குநர் தலையாட்டினார். முடிந்துவிட்டது என்று அவள் காகிதங்களைச் சேர்க்கும்போது தலைமை நர்ஸ் கேட்டாள்.

"இப்ப நம்மகிட்ட இருக்கறது, அந்தப் 'பதறாதீர்கள்', அது இந்தப் பட்டியல்ல எத்தனாவது மேடம்?"

ஆஸ்பத்திரியில் குருவிக்கு அதுதான் பெயர். கணினி சண்டித்தனம் செய்தால் திரையில் 'ஏதோ தவறாகிவிட்டது. பதறாதீர்கள்' என்று வரும். இருபத்தாறு வயதில் பொடிசு எழுதிய வாசகம். வரவேற்பு மேஜையில் இருப்பவர்கள் இப்போது நோயாளிகளிடமே, "ஒரு நிமிஷம் இருங்க, பதறாதீங்க வந்திருக்கு" என்கிறார்கள்.

"பட்டியல்லயே இல்லை" என்றாள்.

"எந்தக் கம்பெனி செய்யுது?" என்றார் இயக்குநர்.

"கம்பெனி இல்லை டாக்டர். ஒருத்தர்."

"ஒரே ஒருத்தரா? நாளைக்கு அவருக்கு உடம்புக்கு முடியலைன்னா?"

அறிக்கையில் இதற்குப் பதில் இல்லை. ஏழு வருடமாக அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாமல் தள்ளிப்போட்ட கேள்வி.

"அவர் என் அண்ணன்."

இயக்குநரின் பார்வை கடிகாரத்தை விட்டு இறங்கி வந்தது. "நாற்பத்தொரு மேஜையில ஏழு வருஷமா ஓடுது. இன்னிக்குத்தான் சொல்றீங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

நிர்வாக அதிகாரி பேனாவைத் திறந்தார். "குறிப்புல எழுதிக்கட்டுமா சார்?"

"எழுதுங்க" என்றார் இயக்குநர். அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "ஏழு வருஷத்துல ஒரு நாள்கூட வேலை நிக்கலைன்னும் எழுதுங்க. மேடம், அடுத்த திங்கட்கிழமை மாத்திடுங்க. எல்லாத்தையும்."

*

அண்ணன் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.

ரெட் ஹாட்டை சர்வர் அறைக்கென்று சிபாரிசு செய்துவிட்டு வந்ததை நினைத்தால் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. அப்போதெல்லாம் ரெட் ஹாட்டை வீட்டில்தானே போட்டுக்கொண்டார்கள்? கணினிப் பத்திரிகையோடு ஒட்டி வரும் சிடியில் இருக்கும். அட்டை கிழியாமல் சிடியைப் பிரிக்க அண்ணன் பிளேடு வைத்திருந்தான். மாண்ட்ரேக் என்று ஒன்று வரும், அழகாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டவர்கள் ஏதோ சினிமா பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி பேசுவார்கள். இன்றைக்கு அந்தப் பேரைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு லேண்ட்லைன் போன் வழியாக இணையத்திலிருந்து ஏதாவது இறக்கிக்கொண்டிருப்பார்கள். முக்கால்வாசி இறங்கியிருக்கும்போது கீழே அம்மா போனை எடுத்து, "இது என்னடா கீச்கீச்னு கத்துது?" என்பாள். அத்தோடு போச்சு. மறுபடி முதலில் இருந்து. குருவி என்ற பேர் அம்மா வைத்த பேர் என்றுகூடச் சொல்லலாம்.

அண்ணன் உள்வேலை பார்ப்பான், அவள் வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் தமிழ் வேண்டும். 'ரத்து செய்' என்று போடலாமா, 'வேண்டாம்' என்று போடலாமா என்று இரண்டு நாள் சண்டை. 'வேண்டாம்' ஜெயித்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, கணினி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் குருவி போட்டுத் தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அறுபது பேர், சிபியூவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் மின்சாரப் பிளக்கோ எட்டுதான். வரிசையில் நின்றவர்களுக்கு அண்ணி டீ கொடுத்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தரவரிசையில் குருவி ஐம்பத்தேழாவது இடத்துக்கு வந்ததும் அந்த வருடம்தான். ஒரே ஒரு வாரம். அண்ணன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினான்.

அப்புறம் உபுண்டு வந்தது. கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் தபாலில் சிடி அனுப்பினார்கள், இலவசமாக. அண்ணனும் ஒன்று வரவழைத்தான். போட்டு ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். அன்றைக்கு அவன் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வரவில்லை.

நடத்துநர் அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கத்தினார்.

*

அண்ணன் திருத்தங்களைக் கோத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே, "வா பொடிசு. அண்ணி அனுப்பினாளா?" என்றான்.

"நானாத்தான் வந்தேன்."

"நாற்பத்திரண்டு. இன்னிக்கும் குறையலை."

வரும் வழியெல்லாம் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "அண்ணா, அடுத்த திங்கட்கிழமை அது ஒண்ணாயிடும்."

விசைப்பலகை நின்றது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தான்.

"ஆஸ்பத்திரியில மாத்தறீங்களா?"

அவளுக்கு உட்காரத் தோன்றியது. உட்கார நாற்காலி இல்லை, எல்லாவற்றிலும் பழைய சிபியூக்கள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷமாத் தெரியும். சர்வரை இடம் மாத்தினப்ப எது எங்கேயிருந்து வருதுங்கற பதிவைப் பாத்தேன். நாற்பத்தொண்ணும் ஒரே இணைய வாசல் வழியா வருது. யார் வாசல்னு பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"நீ சொன்னியா?"

அவன் குரல் அவள் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. "எங்கேயோ ஒரு வாத்தியார் வெச்சிருக்கார், ஒரு அச்சகத்துல வெச்சிருக்காங்க, முகம் தெரியாத நாற்பத்திரண்டு பேர்னு நினைச்சிட்டிருந்தேன். பாத்தா என் தங்கச்சி! பாவம் பாத்துப் போட்டு வெச்சிருக்கா. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துதுன்னு உனக்குத் தெரியுமா?"

"பாவம் பாக்கலை அண்ணா."

"பின்னே?"

பொடிசு கொஞ்சம் யோசித்தாள். "முதல்ல உனக்காகத்தான் போட்டேன். இல்லைன்னு சொல்லலை. அப்புறம் எனக்காக. தினமும் காலையில நாற்பது பேர் நான் எழுதின வார்த்தையை அழுத்தித்தான் வேலையைத் தொடங்கறாங்க. நடைபாதையில போறப்ப திரையை ஓரக்கண்ணால பாப்பேன். எனக்கு அது வேண்டியிருந்துது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ ஏன் நிறுத்தலை?"

"எப்படி நிறுத்தறது? ஆஸ்பத்திரி ஆச்சே. ஒரு வாரம் நான் ஓட்டையை அடைக்காம விட்டு ஏதாவது ஆச்சுன்னா யார் தலை உருளும்? உன் தலைதானே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்தது. வாசல்படியில் இருந்து வந்த குரல் அதை அங்கேயே நிறுத்தியது.

"அவருக்காக நீ. உனக்காக அவர். நல்லாயிருக்கு."

அண்ணி. மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவள் எப்போதிலிருந்து நிற்கிறாளோ தெரியவில்லை.

"நடுவுல நான் யாருக்காகடி ரெண்டு ஷிஃப்ட் நின்னேன்?"

"அண்ணி..."

"இரு. நான் பேசி முடிச்சிடறேன். இவருக்கு இது ஒரு பைத்தியம்னு நினைச்சேன். பைத்தியம்னா பொறுத்துக்கலாம். உலகத்துல எங்கேயோ நாலு பேருக்கு இவர் வேணும்னு நானும் நம்பினேன். நாலு வருஷத்துக்கு முன்னாடியே இவருக்குத் தெரிஞ்சுபோச்சாம். அந்த வருஷம்தான் எனக்குக் கால் வீங்கி, ஸ்டூல்ல உக்காந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அப்பவும் சொல்லலை."

அண்ணன் எழுந்து நின்றான். எழுந்தவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஐம்பத்தேழாவது இடம் வந்தப்ப நானும்தான் கைதட்டினேன்" என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. அதுதான் பொடிசுக்கு இன்னும் பயமாக இருந்தது. "எனக்கும் அது பெருமைதான். ஆனா உங்க மாடியறைக்கு அண்ணனும் தங்கச்சியும் மட்டும்தான். எனக்கு டீ போடற வேலை. என்னையும் ஒரு நாள் உக்காத்தி வெச்சு இதுதான் விஷயம்னு சொல்லியிருந்தா, போதும்னு நான் சொல்லியிருப்பேன்ல? ரெண்டு பேரையும் விடுவிச்சிருப்பேன்ல?"

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கடிதத்துக்கு என்ன எழுதறதுன்னு நான் சொல்ல மாட்டேன். காலையில உன்னைச் சொல்லச் சொன்னேன், இப்ப அதுவும் வேண்டாம். நாலரைக்கு எனக்கு ஷிஃப்ட்."

உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மணி நாலே கால்.

"அவ சொன்னது ஒண்ணுகூடத் தப்பில்லை" என்றான் அண்ணன்.

"இல்லை."

"இத்தனை வருஷத்துல அவகிட்ட எண்ணைத்தான் சொல்லியிருக்கேன். வேற எதையும் சொன்னதில்லை." மறுபடி உட்கார்ந்து திரையைப் பார்த்தான். "சரி. உன் வீட்டுல இருக்கறதை நானே வந்து மாத்தித் தரேன். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"எங்க வீட்டுலயா?" பொடிசு நெளிந்தாள். "எங்க வீட்டுல ஆறு வருஷமா மின்ட்தான் அண்ணா."

"மின்ட்டா!"

"பசங்க கேட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அப்ப அந்த நாற்பத்திரண்டாவது உன்னுது இல்லையா?"

"உன்னுதுதானே? இந்த மேஜையில இருக்கறது?"

"என்னுது கணக்குல சேராது. செய்யறவனையும் சேத்து எண்ணுவாங்களா?"

இருவரும் ஒரே சமயத்தில் திரைப் பக்கம் குனிந்தார்கள். அண்ணன் பதிவைத் திறந்தான். ஆஸ்பத்திரியின் நாற்பத்தொன்றை ஒதுக்கியதும் ஒரே ஒரு வரி மிஞ்சியது. பின்னோக்கித் தள்ளத் தள்ள அந்த வரி வந்துகொண்டே இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு. ஒன்பது வருடமாக. நடுவில் பதினோரு நாள் மட்டும் இல்லை. பிறகு மறுபடி ஆறு பத்து.

"யாருன்னே தெரியாத ஒருத்தர்" என்றான் அண்ணன். பேச்சு மெதுவாகிவிட்டது. "நிஜமாவே ஒருத்தர் இருக்கார் பொடிசு."

அவளுக்குத் திக்கென்றது. நாற்பத்திரண்டு போய் இப்போது ஒன்று. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒன்பது வருடம் உட்கார்ந்துவிடுவானோ? வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். அண்ணியே சொல்ல மாட்டேன் என்று போயிருக்கும்போது இவள் யார் சொல்ல?

நாலு நாற்பது. அண்ணன் அசையவில்லை. நாலு நாற்பத்தைந்து. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவன் கடிதத்தைத் திறந்தான். 'சம்மதம். ஒன்றாம் தேதி வருகிறேன்' என்று தட்டினான். ஒரு தடவை வாசித்தான். அனுப்பினான். அவ்வளவுதான், பத்து நாள் வராத வரி.

"அந்த ஒருத்தரை அம்போன்னு விட முடியாது" என்றான். "இன்னிக்குத் திருத்தத்தோடயே ஒரு சேதி வெக்கணும். நீ எழுது. வார்த்தை எல்லாம் உன் துறை."

பொடிசு ஒரு சிபியூவை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அவன் பின்னால் நின்றான். எவ்வளவு காலம் ஆயிற்று இப்படி உட்கார்ந்து! இரண்டு முறை அடித்து அழித்தாள். மூன்றாவது முறை வந்தது.

'குருவி வைத்திருப்பவருக்கு: இதைச் செய்து வந்தவர் வேறு வேலைக்குப் போகிறார். அடுத்த மாதத்தோடு குருவி நிற்கும். நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் வைத்திருந்ததற்கு நன்றி. வேறொன்றுக்கு மாற உதவி வேண்டுமானால் எழுதுங்கள். நேரில் வந்தும் செய்து தருகிறோம்.'

"'நிற்கும்'னு போட்டிருக்கே" என்றான் அண்ணன்.

"'நின்றுவிடும்'னு போடவா?"

"வேண்டாம். 'நிற்கும்'னே இருக்கட்டும்."

அனுப்பிவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டான். "மருந்துக் கடைக்குப் போறேன். இது போன்ல சொல்ற விஷயமில்லை. நீயும் வா, நீயும் மன்னிப்புக் கேக்கணும்."

கடையில் நல்ல கூட்டம். அண்ணன் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றான், பின்னால் பொடிசு. முறை வந்ததும் அண்ணி நிமிர்ந்து பார்க்காமலே, "சீட்டு?" என்று கையை நீட்டினாள். அண்ணன் போனை நீட்டினான். அவள் அந்த ஒரு வரியைப் படித்தாள். அனுப்பிய நேரத்தையும் படித்தாள். வரிசையில் பின்னால் இருமிக்கொண்டு நின்ற ஒருவர் பொறுமையிழந்து செருமினார்.

"அடுத்தவங்க" என்றாள் அண்ணி. போனை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பொடிசு கேட்க வந்த மன்னிப்பைக் கூட்டத்தில் கேட்க முடியவில்லை. "அண்ணி, நான்..." என்றதும், "உனக்கு இருக்கு. ஞாயித்துக்கிழமை வா, நிதானமாத் திட்டறேன்" என்றாள் அண்ணி, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்து அழைப்பு வந்தது. "மேடம், எல்லாத் திரையிலயும் யாரோ வேலைக்குப் போறாங்கன்னு வருது. யாரு மேடம்? வாழ்த்து சொல்லணுமா?" சொல்லுங்கள் என்றாள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

எட்டே முக்கால் மணிக்கு அண்ணனின் எண்ணில் இருந்து போன். பேசியது அண்ணி.

"பதில் வந்திருக்கு."

"யார்கிட்ட இருந்து?"

"பேர் போடலை. 'மாற்றுவதற்கு முன் ஒரு தடவை வந்து பாருங்கள்'னு ரெண்டு வரி, கீழே முகவரி. பொடிசு, அது எங்கே இருக்குன்னு நினைக்கறே? எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி."

"ரெண்டு தெருவா? ஒன்பது வருஷமாவா?"

"நாளைக்குக் காலையில போறோம். நான் ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன். இந்தத் தடவை நான் இல்லாம எதையும் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ எட்டு மணிக்கு வந்துடு."

"அண்ணன் என்ன சொல்றான்?"

அண்ணி கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுவது தெரிந்தது. குரல் சன்னமாகியது.

"அதைத்தான் உன்கிட்ட கேக்கலாம்னு கூப்பிட்டேன். முகவரியைப் படிச்சதுல இருந்து ஒரு வார்த்தை பேசலை. பரணைக் குடைஞ்சு அந்தப் பள்ளிக்கூட மண்டபத்துல எடுத்த போட்டோவை இறக்கி வெச்சிட்டு, அதையே பாத்துட்டு உக்காந்திருக்கார். அந்தக் கதவு எண்ல யாருடி இருக்கா?"

பொடிசு கதவு எண்ணைக் கேட்டாள். அண்ணி சொன்னாள்.

அந்தப் போட்டோவில் இருக்கிற ஒருவருடைய வீடு அது என்று அவளுக்கும் தெரிந்தது. "அண்ணி, காலையில எட்டு மணிக்கு வேண்டாம். ஏழு மணிக்கே வந்துடறேன்."